மேசை மேல் இருந்த கண் மருந்து

என் நாட்குறிப்பில் அந்தக் கண் மருந்து முதன்முதலாக வருவது ஆறு ஆண்டுகளுக்கு முன், தை பதினெட்டாம் தேதி, வியாழக்கிழமை. "காலையில் பனி. பத்து மணிக்கு மேல் வெயில். மூன்று லாரி வந்தது. கண் எரிச்சல் தாங்கவில்லை. மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கினேன். ஐந்து நிமிடத்தில் சரியாகிவிட்டது." கடைசி வாக்கியத்தின் கீழ் ஒரு கோடு போட்டிருக்கிறேன். அவ்வளவு சந்தோஷம்.

வெண்ணாற்றங்கரையில் ஒரு கிராமத்து நெல் கொள்முதல் நிலையத்தில் நான் பட்டியல் எழுத்தர். குறுவை அறுவடைக்கு ஒரு பருவம், சம்பா அறுவடைக்கு ஒரு பருவம், ஆக வருடத்தில் நாலைந்து மாதம் வேலை. மீதி நாட்களில் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், நிலமும் நூலகத்துப் புத்தகங்களும். நாட்குறிப்பு எழுதுவது இருபத்து மூன்று வருடப் பழக்கம். மழை, வாய்க்காலில் தண்ணீர் வந்த நாள், நடவு, அறுப்பு என்று எல்லாம் தமிழ் மாதத்தை ஒட்டியே நடப்பதால் தேதியையும் அப்படியே எழுதுவேன்.

கொள்முதல் நிலையத்தைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. களத்தில் நெல் குவியல் குவியலாகக் கிடக்கும். அதைத் தூற்றும் இயந்திரத்தின் வாயில் கொட்டினால் நெல் ஒரு பக்கம் விழும், பதரும் தூசியும் மறுபக்கம் பறக்கும். அந்தத் தூசியில் சுணை இருக்கிறது. தோலில் பட்டால் அரிப்பு. கண்ணில் பட்டால் மணலை அரைத்துத் தடவியது போல உறுத்தும். காலை ஒன்பது மணிக்கு இயந்திரம் ஓட ஆரம்பித்தால் பதினோரு மணிக்கு எங்கள் எல்லாருக்கும் கண்ணில் செவ்வரி ஓடியிருக்கும்.

அதனால் அந்த மருந்து என் மேசையில் நிரந்தரமாக இடம் பிடித்தது. ஈரப்பத மீட்டர், முத்திரை மை, பில் புத்தகம், பக்கத்தில் கண் மருந்து. திறந்த ஒரு மாதத்துக்குள் தூக்கிப் போட வேண்டும் என்று அட்டைப் பெட்டியில் அச்சிட்டிருந்தது. நான் அதை ஒழுங்காகக் கடைப்பிடித்தேன். புதுச் சீசாவைத் திறந்ததும் அதன் மேல் நீல மையில் தேதி எழுதிவிடுவேன். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்ற வரியும் அதே பெட்டியில், சற்று மேலே, ஆங்கிலத்தில் இருந்தது. எனக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியும். அதையும் படித்தேன். எல்லாப் பெட்டியிலும் அச்சிடுவதுதானே என்று நினைத்தேன்.

கண் கரித்தால் சுமை தூக்குகிறவர்களும் என்னிடம் வருவார்கள். ஆனால் தினமும் வந்தது மல்லிகாதான். இயந்திரத்தின் வாயருகே நின்று நெல்லைத் தள்ளிவிடுவதும் சிந்தியதைப் பெருக்கி அள்ளுவதும் அவள் வேலை. வயது நாற்பத்து நான்கு. பருவம் இல்லாத மாதங்களில் ரவிக்கை தைப்பாள். புருஷன் இல்லை, அந்தத் தையலும் இந்தத் துடைப்பமும்தான் சோறு. தனக்குத்தானே சொட்டு விட்டுக்கொள்ள அவளுக்கு வராது. கன்னத்தில் விட்டுக்கொள்வாள். அதனால் நான்தான் விடுவேன்.

"வாயை எதுக்கும்மா திறக்குற? மருந்து கண்ணுக்கு."

"அதுவா திறந்துக்குது சார். நீங்க விடுங்க."

"அசையாத."

"உங்க கை பட்டாத்தான் சார் எரிச்சல் அடங்குது. என் கை பட்டா மருந்துக்கே கோவம் வந்துருது."

சுமை தூக்குகிறவர்களின் தலைவர் மாணிக்கம் அந்தப் பக்கம் போகும்போது, "பில்லு சாரு இப்ப டாக்டராவும் ஆயிட்டாரு. ஒரு ஊசி வாங்கி வச்சிருங்க சார், இடுப்பு வலிக்குப் போட்டுக்கலாம்" என்பார். எல்லாரும் சிரிப்போம். நானும்தான்.

இந்த வருடம் பங்குனி பத்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இலவசக் கண் பரிசோதனை முகாம் நடந்தது. கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னைப் பெயர் பதிய உட்கார வைத்தார்கள். நூற்றுப் பதினாறு பேரை எழுதினேன். மதியம் எல்லாம் முடிந்து மேசையை மடக்கும் நேரத்தில், கருவியோடு வந்திருந்த பெண் கூப்பிட்டாள்.

"சார், நீங்க பார்த்துக்கலையா?"

"எனக்கென்னம்மா. பொடி எழுத்தெல்லாம் படிக்கிறேன்."

"ஒரு நிமிஷம். மோவாயை இதுல வைங்க."

கண்ணில் திடீரென்று ஒரு காற்று அடித்தது. நான் துள்ளியதைப் பார்த்து அவள் சிரித்தாள். பிறகு கருவியில் வந்த எண்ணைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. மறுபடி அடித்தாள். மூன்றாவது முறையும் அடித்துவிட்டு, "உக்காந்திருங்க சார்" என்று சொல்லி மருத்துவரைக் கூட்டிவரப் போனாள். அவள் செருப்புச் சத்தம் தாழ்வாரத்தில் வேகமாகப் போனது இன்னும் காதில் இருக்கிறது.

மருத்துவர் இளம்பெண். முப்பத்தைந்து இருக்கும். "கண்ணுக்குள்ளே ஒரு அழுத்தம் இருக்கும் சார். சாதாரணமா இருபத்தொண்ணுக்குள்ள இருக்கணும். உங்களுக்கு வலதுல முப்பத்து மூணு. இடதுல நாப்பத்தொண்ணு."

"வலிக்கவே இல்லைங்களே?"

"வலிக்காது சார். அதுதான் இதுல பயமே. செவ்வாய்க்கிழமை தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு வந்துருங்க. தள்ளிப் போடாதீங்க."

செவ்வாய்க்கிழமை மனைவி வசந்தாவுடன் முதல் பேருந்தில் போனேன். கண் மருத்துவமனைக் காத்திருப்பு அறை மற்ற மருத்துவமனைகளைப் போல இல்லை. இருமல் இல்லை, முனகல் இல்லை. கண்பாப்பாவை விரிய வைக்கும் சொட்டு போட்டுவிட்டு, வரிசையாக எல்லாரும் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். நாற்பது, ஐம்பது பேர். யார் பெயரைக் கூப்பிட்டாலும் எல்லாருடைய தலையும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தது.

அங்கே எனக்குச் செய்த சோதனைகளில் ஒன்றை மட்டும் விவரமாகச் சொல்ல வேண்டும். பார்வைப் பரப்புச் சோதனை என்று பெயர். இருட்டு அறையில், பெரிய வெள்ளைக் கிண்ணத்தைக் கவிழ்க்காமல் பக்கவாட்டில் நிறுத்தியது போன்ற கருவி. ஒரு கண்ணை மறைத்துவிட்டு, கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, நடுவிலுள்ள மஞ்சள் விளக்கையே பார்க்க வேண்டும். சுற்றிலும் எங்காவது கடுகளவு வெளிச்சம் தோன்றி மறையும். தெரிந்தால் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தும்போது பீப் என்று ஒரு சத்தம். தெரியாவிட்டால் அழுத்த வேண்டியதில்லை. அவ்வளவுதான் சோதனை.

வலது கண்ணில் பாதிக்கு மேல் அழுத்தினேன் என்று நினைக்கிறேன். இடது கண்ணுக்கு வந்ததும் முதலில் நாலைந்து வெளிச்சம் தெரிந்தது. அப்புறம் ஒன்றும் வரவில்லை. காத்திருந்தேன். மஞ்சள் விளக்கைத் தவிர எதுவும் இல்லை.

"ஏம்மா, மிஷின் நின்னுபோச்சா?" என்று கேட்டேன்.

"இல்ல சார், ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. நேராப் பாருங்க" என்றாள் கருவியை ஓட்டிய பெண். குரலை வேண்டுமென்றே சாதாரணமாக வைத்துக்கொண்டு பேசுகிறாள் என்று எனக்கு அப்போதே தோன்றியது.

வெளியே வந்தபோது வசந்தா சொன்னாள்: "மொதல்ல பீப் பீப்புன்னு கேட்டுச்சு. அப்புறம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. நீங்க உள்ளே தூங்கிட்டீங்களோன்னு நினைச்சேன்."

முடிவுத் தாளில் என் இடது கண் ஒரு கறுப்பு வட்டம். நடுவில் மட்டும் பொத்தான் அளவு வெள்ளை. அந்த வெள்ளையை வைத்துக்கொண்டுதான் பொடி எழுத்து படிக்கிறேன் என்று பெருமைப்பட்டிருக்கிறேன். பார்வை போன இடம் கறுப்பாகத் தெரியாது. எதுவும் குறைந்த மாதிரியே இருக்காது. ஒரு கண் விட்டதை மற்றது பிடித்துக்கொள்ளும், இரண்டும் விட்டதை மூளை இட்டு நிரப்பிவிடும் என்றார் முகாமுக்கு வந்த அதே மருத்துவர்.

அவர் வயல் வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். எனக்குப் புரிகிற மாதிரியே சொன்னார். கண்ணுக்குள் எப்போதும் நீர் சுரந்துகொண்டே இருக்கும். அது வெளியேற ஒரு வடிகால் உண்டு. வடிகால் அடைத்துக்கொண்டால் நீர் தேங்கும், அழுத்தம் ஏறும். கண்ணையும் மூளையையும் இணைக்கிற நரம்பு அந்த அழுத்தத்தில் இழை இழையாகச் செத்துப்போகும். இந்த நோய்க்குக் கிளாக்கோமா என்று பெயர்.

"வேர் அழுகின பயிரு, தண்ணிய வடிச்சுவிட்டா எந்திரிச்சு நிக்குமா சார்? நிக்காதுல்ல. அதே மாதிரிதான். போனது போனதுதான். இருக்கிறதைக் காப்பாத்துவோம்."

பிறகு கேட்டார்: "கண்ணுக்கு ஏதாவது மருந்து போடுற பழக்கம் உண்டா?"

நான் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினேன். ஒளிக்க எதுவும் இருப்பதாகவே தோன்றவில்லை. தேதி எழுதியிருக்கிறேன் பாருங்கள் என்பது போலத்தான் நீட்டினேன். அவர் அதை வாங்கித் திருப்பி, மேலே ஒட்டியிருந்த தாளைப் படித்தார்.

"எத்தனை நாளா?"

"பருவத்துக்கு மட்டுந்தாங்க. ஆறு வருஷமா. ஒரு சீசாவையும் ஒரு மாசத்துக்கு மேல வச்சுக்கிட்டதில்லை."

"இதுல ஸ்டீராய்டு இருக்கு சார். எரிச்சல், சிவப்பு எல்லாத்தையும் உடனே அடக்கும். நாங்களே எழுதிக் கொடுப்போம், ஆனா சில நாளைக்கு, அழுத்தத்தைப் பார்த்துப் பார்த்து. மாசக்கணக்கா போட்டா சில பேருக்கு அந்த வடிகால் இறுகிடும். உங்களுக்கு அதுதான் நடந்திருக்கு." சீசாவை மேசையில் வைத்துவிட்டு, "வேற யாருக்காவது கொடுத்தீங்களா?" என்றார்.

"இல்லைங்க" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். வேலை போய்விடும் என்ற பயம் என்று வசந்தாவிடம் பிறகு சொன்னேன். அது பொய். மருத்துவர் கேட்ட நொடியில் மல்லிகா வாயைத் திறந்துகொண்டு முகத்தை அண்ணாந்து நின்றது எனக்குத் தெரிந்தது. அதைப் பார்க்க முடியாமல்தான் இல்லை என்றேன்.

பழைய மருந்தை நிறுத்தி, அழுத்தத்தைக் குறைக்கிற வேறு சொட்டுகளும் மாத்திரையும் கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் வலது கண் இறங்கியது. இடது கண் முப்பதிலேயே நின்றது. சித்திரை நான்காம் தேதி புதன்கிழமை இடது கண்ணில் அறுவை சிகிச்சை. மேல் இமைக்கு அடியில் நீர் வெளியேற ஒரு சின்ன வழி செய்கிறார்கள். கண்ணைச் சுற்றி மரத்துப்போக ஊசி போட்டார்கள். வலி இல்லை. ஆனால் விழித்திருக்கிறோம், நம் கண்ணில் கத்தி இருக்கிறது என்று தெரிகிறது. தலைக்கு மேலே பெரிய விளக்கு தண்ணீருக்குள் இருப்பது போல அசைந்தது. "இன்னும் கொஞ்சம்தான் சார், இருமிடாதீங்க" என்ற குரலை மட்டும் பிடித்துக்கொண்டு கிடந்தேன். இருமக் கூடாது என்று சொன்னதிலிருந்து தொண்டையில் ஏதோ ஊர்ந்துகொண்டே இருந்தது.

ஆண்கள் பகுதியில் பக்கத்துக் கட்டிலில் சீர்காழியிலிருந்து வந்த ஒரு மளிகைக் கடைக்காரர் இருந்தார். அவருக்கும் இதே நோய்; ஆனால் மருந்தால் வந்ததில்லை, குடும்பத்தில் வருவது. "எங்கண்ணனுக்கு வந்தப்பவே கூடப் பொறந்தவங்க எல்லாரும் வந்து பார்த்துக்கோங்கன்னு சொன்னாங்க. கடைய யாரு பார்த்துக்கிறதுன்னு நான் போகலை. ஏழு வருஷமாச்சு. இப்ப கடையில யாரு நிக்கிறான்னே குரலை வச்சுத்தான் தெரியுது" என்றார். வருகிற ஆவணியில் திருக்கடையூரில் அவருக்கு அறுபதாம் கல்யாணம். "தாலி கட்டுறப்ப அவ மூஞ்சி தெரியுமான்னு டாக்டரைக் கேட்டேன் சார். சொட்டு மருந்தை நேரத்துக்கு விடுங்கன்னுச்சு அந்தப் பொண்ணு. நான் கேட்டது ஒண்ணு, அது சொன்னது ஒண்ணு." சிரித்தார். அந்தச் சிரிப்பில் நான் சேர்ந்துகொள்ளவில்லை.

வசந்தா பகல் முழுக்க என்னோடு இருந்தாள். இட்லியைப் பிட்டுக் கையில் கொடுத்தாள். குனிந்து படிக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால் செய்தித்தாளை வாய்விட்டுப் படித்துக் காட்டினாள். ஏல அறிவிப்பு, டெண்டர் அறிவிப்பு வரைக்கும் படித்தாள். கண்ணீர் அஞ்சலிகளை மட்டும் தாண்டிவிட்டாள். நான் கண்டுகொண்டேன், கேட்கவில்லை.

மருந்து போட்ட நாட்களைச் சரியாகக் குறித்துத் தரும்படி மருத்துவர் கேட்டிருந்தார். அறுவை சிகிச்சைக்கு மறுநாள் மதியம் வசந்தா அந்த ஆறு வருட நாட்குறிப்புகளையும் ஒரு மஞ்சள் பையில் கொண்டுவந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தாள்.

முதலில் வந்தது மருந்து இல்லை. போன ஐப்பசி: "நிலைப்படியில் இடது தோள் இடித்தது." கார்த்திகை: "படி ஒன்று குறைவாக எண்ணிவிட்டேன் போலிருக்கிறது, கால் மடங்கியது." மார்கழி: "தட்டில் இடது ஓரம் வைத்த சட்னியைக் காணோம் என்று கேட்டேன். வசந்தா சிரித்தாள்." தை: "வாய்க்கால் கரையில் இடப்பக்கமிருந்து மாடு திடீரென்று வந்தது." மாசி: "அதே கரையில் சைக்கிள்காரன். திட்டிவிட்டுப் போனான்." நானே தேதி போட்டு எழுதியிருக்கிறேன். ஒரு நாளைக் கூட விடவில்லை. எழுதினேனே தவிர, அவற்றை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்து ஒருநாளும் படித்ததில்லை.

வசந்தா படிப்பதை நிறுத்தினாள். சட்னிக்காக அன்று சிரித்ததை நினைத்திருப்பாள். பிறகு மருந்துக் குறிப்புகளைத் தேடி எடுத்தாள்.

"'மாசி ரெண்டு. புதுச் சீசா. மல்லிகாவுக்கும் விட்டேன்.' 'மாசி மூணு. மல்லிகாவுக்கு ரெண்டு வேளை.' 'மாசி நாலு. மல்லிகாவுக்கும் மாணிக்கத்துக்கும்.' என்னங்க இது, பக்கத்துக்குப் பக்கம் மல்லிகா? காதல் கடிதம் மாதிரியில்ல இருக்கு."

"அம்மா, கண்ணைக் கட்டிப் போட்டிருக்கிற நேரத்துல கேக்காதீங்க. பாவம், ஓடக்கூட முடியாது" என்றார் சீர்காழிக்காரர்.

வசந்தா சிரித்துக்கொண்டே இன்னொரு பக்கம் திருப்பினாள். இன்னொரு பக்கம். பிறகு சிரிப்பு இல்லை. தாள் புரட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. அடுத்த வருட நாட்குறிப்பை எடுத்தாள். அதற்கும் அடுத்தது.

"டாக்டரம்மா கேட்டப்ப யாருக்கும் கொடுக்கலைன்னீங்க."

நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினேன்.

"எத்தனை பேருங்க?"

"எண்ணிப் பாரு."

எண்ணினாள். பதினோரு பேர். பத்துப் பேருக்கு ஒவ்வொரு பருவத்திலும் நாலைந்து தடவை. பதினோராவது பெயர் வந்த தடவைகளை எண்ண ஆரம்பித்து, பாதியில் நாட்குறிப்பை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

"காலையில நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?" என்றாள்.

நானே சொன்னேன். மருத்துவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பெயர்களை எழுதிக்கொண்டு, "எல்லாருக்கும் அழுத்தம் ஏறாது சார். சில பேருக்குத்தான். யாருக்குன்னு மூஞ்சியைப் பார்த்துச் சொல்ல முடியாது. பதினோரு பேரும் வரணும்" என்றார். மல்லிகாவின் பெயரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

வீட்டுக்கு வந்ததும் மாணிக்கத்தை வரவழைத்துச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். "நீங்க எங்களுக்கு வெஷமா சார் வச்சீங்க? உங்களுக்கு விட்டதைத்தானே எங்களுக்கும் விட்டீங்க" என்று சொல்லிவிட்டு, ஒரே வேனில் தன்னோடு சேர்த்துப் பத்துப் பேரையும் தஞ்சாவூருக்குக் கூட்டிக்கொண்டு போனார். பத்துப் பேருக்கும் அழுத்தம் சரியாக இருந்தது. மாணிக்கத்துக்கு மட்டும், கண்ணின் உள் பக்கத்தைப் பார்த்துவிட்டுச் சர்க்கரை இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். "கண்ணைக் காட்டப் போனேன், காபியை நிறுத்திட்டாங்க" என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மல்லிகா போகவில்லை. இரண்டு முறை ஆள் விட்டும் தையல் வேலை இருக்கிறது என்று சொல்லி அனுப்பினாள். வைகாசி பதினொன்றாம் தேதி சனிக்கிழமை, வசந்தாவைக் கூட்டிக்கொண்டு நானே போனேன். வாசலில் வெளிச்சத்தில் உட்கார்ந்து கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். எழுந்தபோது இடப்பக்கம் இருந்த தண்ணீர்ச் சொம்பு அவள் காலில் பட்டு உருண்டது.

"வாங்க சார், வாங்கக்கா. கண்ணு எப்படி இருக்கு சார்? உக்காருங்க."

"என் கண்ணு இருக்கட்டும்மா. நீ ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகலை?"

"எனக்கு ஒண்ணுமில்ல சார். பாருங்க, இந்த ஊசியில மொத தடவையிலேயே நூல் கோத்துடுறேன். கண்ணு கெட்டவளுக்கு இது முடியுமா?"

கோத்துக் காட்டினாள். நானும் பொடி எழுத்து படித்தவன்தான் என்று சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை.

"எரிச்சல் வந்தாலும் மருந்து இருக்கு சார்" என்று உள்ளே போய் எதையோ எடுத்து வந்தாள். மூன்று சீசாக்கள். மூன்றிலும் நீல மையில் தேதி. என் கையெழுத்து.

"இதெல்லாம் நான் தூக்கிப் போட்டதாச்சே?"

"ஆமா சார், நான்தானே அங்க பெருக்குறவ. பாதிக்குப் பாதி மருந்து இருந்துச்சு. மருந்தைப் போயி யாராச்சும் குப்பையில போடுவாங்களா? பருவம் இல்லாதப்ப தைக்கிறப்போ கண்ணு கரிச்சா விட்டுக்குவேன். இப்பல்லாம் எனக்கே விட்டுக்க வருது."

வசந்தா என் கையைப் பிடித்தாள். வருடத்தில் நாலைந்து மாதம் என்று நான் கணக்கு வைத்திருந்தேன். மல்லிகாவுக்கு வருடம் முழுவதும்.

எல்லாவற்றையும் சொன்னேன். வடிகால், நரம்பு, என் கறுப்பு வட்டம். அந்த மருந்தால்தான் என்பதையும், நான்தான் விட்டேன் என்பதையும், மருத்துவரிடம் முதலில் மறைத்தேன் என்பதையும். அவள் தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையை மடித்தாள். மறுபடி பிரித்தாள்.

"அப்ப எனக்கும் போயிருச்சுங்கிறீங்களா?"

"தெரியாதும்மா. பார்த்தாத்தான் தெரியும்."

"நான் மருந்துக் கடைக்காரனை நம்பலை சார். பெட்டியில என்ன எழுதியிருந்துச்சோ எனக்குத் தெரியாது. நீங்க படிச்சவருன்னுதானே கண்ணைக் காட்டுனேன்."



வசந்தாதான் பேசினாள். "திங்கக்கிழமை நான் கூட வர்றேன் மல்லிகா. மொத பஸ்ஸு. சாப்பாடு நான் கட்டிக்கிறேன். நீ பஸ் ஸ்டாப்புக்கு மட்டும் வா."

மல்லிகா வருவதாகவும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நாங்கள் கிளம்பும்போது மூன்று சீசாக்களையும் என் கையில் கொடுத்தாள்.

இதைப் படிக்கிறவர்களில் களத்து வேலைக்காரர்கள், அரிசி ஆலைக்காரர்கள் இருக்கலாம். உங்கள் மேசையிலும் மாடத்திலும் அப்படி ஒரு சீசா இருக்கலாம். அதை எப்போது திறந்தீர்கள் என்று மட்டும் பார்க்காதீர்கள்; யார் எழுதிக் கொடுத்தது என்றும் பாருங்கள். கண் உறுத்தினால் சுத்தமான தண்ணீரில் கழுவி, தூசிக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொன்னார் மருத்துவர். அடங்காவிட்டால் கண் மருத்துவரிடம் போக வேண்டும். நாற்பது வயது தாண்டியவர்கள், வீட்டில் யாருக்காவது இந்த நோய் இருப்பவர்கள், நன்றாகத் தெரிகிறது என்றாலும் போய்க் கண் அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நன்றாகத் தெரிகிறது என்று நம்பித்தான் நானும் நூற்றுப் பதினாறு பேருக்குப் பெயர் எழுதினேன்.

வைகாசி பதின்மூன்று, திங்கள். மல்லிகா பேருந்து நிறுத்தத்துக்கு எங்களுக்கு முன்பே வந்து நின்றிருந்தாள். நல்ல சேலை கட்டியிருந்தாள். வழியில் வசந்தாவோடு மட்டும் பேசினாள். மருத்துவமனையில் அழுத்தம் பார்த்தார்கள். எண்ணை எங்களிடம் சொல்லவில்லை. சோதனைத் தாளில் எழுதி, நேராகப் பார்வைப் பரப்பு அறைக்கு அனுப்பினார்கள்.

நானும் வசந்தாவும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். கதவு சரியாகச் சாத்தவில்லை. அந்தப் பெண் என்னிடம் சொன்னதையே வார்த்தை மாறாமல் அவளிடமும் சொன்னாள். நேராப் பாருங்கக்கா, வெளிச்சம் தெரிஞ்சா அழுத்துங்க.

வலது கண். பீப். பீப். கொஞ்ச இடைவெளி. பீப். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி எண்ணினேன். இடைவெளிகள் இருந்தன, ஆனால் நீளமாக இல்லை. வசந்தா என்னைப் பார்த்தாள். பரவாயில்லை என்பது போலத் தலையாட்டினேன்.

"இப்ப இடது கண்ணுக்கா."

பீப். பீப்.

பிறகு அமைதி. எண்ண ஆரம்பித்தேன். பத்து வரை எண்ணினேன். ஒரு பீப் வந்தது. மறுபடி எண்ணினேன். இருபது. முப்பது. கருவியின் மெல்லிய உறுமல் மட்டும் கேட்டது. முந்தானையைச் சுருட்டிக்கொண்டிருந்த வசந்தாவின் கை நின்றுவிட்டது. நாற்பதுக்கு மேல் நான் எண்ணவில்லை.

உள்ளேயிருந்து மல்லிகாவின் குரல் வந்தது.

"ஏம்மா, மிஷினு நின்னுபோச்சா?"